டெஸ்க்டாப்புக்கு எதற்கு ஒரு தபாலாபீஸ்?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறீர்கள். பேக்கப் எடுக்கும் ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்யப் போனால், கேட்காமலே போஸ்ட்ஃபிக்ஸ் என்று ஒன்றும் கூட வந்து இறங்கியிருக்கிறது. அது ஒரு திரையில் ஐந்து தெரிவுகளைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கிறது. 'ஜிமெயிலை பிரௌசரில் பார்க்கிறவன் நான். என் லேப்டாப்புக்கு எதற்கு ஒரு மெயில் சர்வர்? ஏதாவது ஸ்டாண்டர்டு இதைக் கட்டாயப்படுத்துகிறதா? அப்படியென்றால் அது நியாயமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்தில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஸ்டாண்டர்டு பற்றிய கேள்விதான் சுவாரஸ்யமானது, அதற்குத்தான் இவ்வளவு நீளம்.

லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் பிழைப்பு. அதில் பாதிக் காலம் மெயில் சர்வர்களோடு போனது. ஒரு மெயில் எப்படிக் கிளம்புகிறது, எங்கே போய் மாட்டிக்கொள்கிறது என்பதெல்லாம் கைப்பட்ட விஷயம். டெஸ்க்டாப்பில் வேலை செய்கிறவர்கள் எதைக் கவனிப்பார்கள், எதைப் பார்க்காமலே மூடுவார்கள் என்பதில் மட்டும் எனக்கிருப்பது அபிப்பிராயம்தான். அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் பிறந்த காலத்தில் கம்ப்யூட்டர் என்பது ஒரு ஊர் மாதிரி. ஒரே மெஷினில் பத்து இருபது பேர் டெர்மினல் வழியாக உட்கார்ந்திருப்பார்கள். மெயில் என்றால் பக்கத்து அறையில் இருப்பவருக்கு, அதே மெஷினுக்குள், ஒரு கோப்பின் கடைசியில் சில வரிகளைச் சேர்ப்பது. ராத்திரி இரண்டு மணிக்கு ஓடும் ஒரு வேலை தப்பாகப் போனால், அதைச் சொந்தக்காரருக்கு மெயிலாகப் போடுவதைவிட இயல்பான வழி கிடையாது. காலையில் அவர் வந்து உள்ளே நுழைந்ததும், உங்களுக்கு மெயில் இருக்கிறது என்று திரை சொல்லும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தது. இன்றும் அதை விடவில்லை.

அப்புறம் நெட்வொர்க்குகள் வந்தன. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அர்ப்பாநெட், யூயூசிபி, உள்ளூர் பெர்க்நெட் என்று ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று வழிகள். எந்தக் கடிதம் எந்த வழியில் போக வேண்டும் என்று பிரித்து அனுப்ப எரிக் ஆல்மன் 1979-இல் டெலிவர்மெயில் எழுதினார். அதற்கடுத்து அவர் எழுதிய சென்ட்மெயில் 1983-இல் பெர்க்லி யூனிக்ஸோடு வெளிவந்தது. மெயில் அனுப்ப நினைக்கும் எந்த நிரலும் நெட்வொர்க்கைப் பற்றிக் கவலைப்படாமல் அந்த ஒரு கட்டளையிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம் என்று ஆனது. பின்னால் கேம்பிரிட்ஜில் ஃபிலிப் ஹேசல் எக்ஸிம் எழுதினார், பெர்ன்ஸ்டைன் க்யூமெயில் எழுதினார், ஐபிஎம்மில் இருந்தபோது வீட்சே வெனெமா போஸ்ட்ஃபிக்ஸ் எழுதி 1998-இல் வெளியிட்டார். உள்ளே எல்லாமே வேறு வேறு. ஆனால் எல்லாமே சென்ட்மெயில் என்ற பெயரில் ஒரு கட்டளையை வைத்துவிட்டுத்தான் போகின்றன. நம் ஊரில் எந்தக் கம்பெனி மெஷினில் நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ்தானே, அந்த மாதிரி.

இனி ஸ்டாண்டர்டுகள். இங்கே மூன்று வேறு குரல்கள் உண்டு, பலர் அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸ், மெயில் அனுப்ப மெயில்எக்ஸ் என்ற கட்டளை இருக்க வேண்டும் என்கிறது. கிரான் வேலைகளின் வெளியீட்டைப் பயனருக்கு மெயிலாக அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறது, ஆனால் எந்த வழியில் என்பதை அந்தந்த சிஸ்டமே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடுகிறது. மெஷினைத் தாண்டி வெளியே போக வேண்டும் என்ற பேச்சே இல்லை. எந்தக் கோப்பு எந்த இடத்தில் என்று வரையறுக்கும் எஃப்எச்எஸ் ஆவணம் இன்னும் ஜாக்கிரதையானது: சென்ட்மெயில் இருந்தால், பழைய இடத்திலும் அதைச் சுட்டும் ஒரு இணைப்பு இருக்க வேண்டும். 'இருந்தால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்றாவது குரல் லினக்ஸ் ஸ்டாண்டர்டு பேஸ், எல்எஸ்பி. அதுதான் சென்ட்மெயில் கட்டளை இருந்தே ஆக வேண்டும் என்றது. எல்எஸ்பி 1.0 வந்தது 2001-இல். 2006-இல் அதன் மையப் பகுதி ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. சென்ட்மெயில் என்ற பெயர் வரலாற்றுக் காரணத்தால் வந்தது, எக்ஸிம் போன்றவை தரும் கட்டளையும் செல்லும் என்று அவர்களே குறிப்பு எழுதி வைத்தார்கள். ஆக அவர்கள் கேட்டது ஒரு குறிப்பிட்ட மென்பொருளை இல்லை, ஒரு வாசலை.

அவர்கள் ஏன் அப்படிக் கேட்டார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்எஸ்பி பயனருக்காக எழுதப்பட்டது இல்லை. ரெட்ஹாட், சூஸே, டெபியன் என்ற வேறு வேறு லினக்ஸ் வகைகளிலும் ஒரே பைனரி, அதாவது ஓடத் தயாரான ஒரே நிரல், ஓட வேண்டும் என்று நினைத்த மென்பொருள் கம்பெனிகளுக்காக எழுதப்பட்டது. அந்த ஆட்களுக்கு, என் நிரல் மெயில் அனுப்ப வேண்டுமென்றால் இந்த இடத்தில் இந்தக் கட்டளை இருக்கும் என்ற உத்தரவாதம் ரொம்பப் பெரிய உதவி. சர்வர்களை மனதில் வைத்துப் பார்த்தால் அதில் எனக்கு எந்தச் சண்டையும் கிடையாது. டெஸ்க்டாப்பையும் அதே வரியில் கட்டிப் போட்டதுதான் உறுத்தல்.

எப்படியும் இன்றைக்கு அந்தக் கட்டாயம் காகிதத்தில்தான் இருக்கிறது. எல்எஸ்பி 5.0 வந்தது 2015-இல். அதே வருடம் டெபியன் எல்எஸ்பி ஆதரவின் பெரும்பகுதியைக் கைவிட்டது. உங்கள் லேப்டாப்பில் போஸ்ட்ஃபிக்ஸ் வந்து இறங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு: பேக்கப் பொதியை உருவாக்கியவர், இதோடு ஒரு மெயில் மென்பொருள் இருப்பது நல்லது என்று 'பரிந்துரை' எழுதி வைத்திருப்பார். பரிந்துரைகளையும் சேர்த்தே போடுவது, உபுண்டுவில் இன்ஸ்டால் வேலையைச் செய்யும் ஏப்ட்டின் வழக்கம். உபுண்டுவில் அந்த இடத்துக்கு வருவது போஸ்ட்ஃபிக்ஸ், டெபியனாக இருந்தால் எக்ஸிம் வந்திருக்கும்.

சரி, கட்டாயம் வேண்டும் என்பவர்கள் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. கிரான், டிஸ்க்குகளின் ஆரோக்கியத்தைப் பார்க்கும் ஸ்மார்ட்டி, இரட்டை டிஸ்க் அமைப்பைக் கவனிக்கும் எம்டிஅட்மின் எல்லாம் வாய் திறப்பது மெயில் வழியாகத்தான். மெயில் மென்பொருளே இல்லாத டெபியன் மெஷினில் ஒரு கிரான் வேலை எதையாவது சொன்னால், மெயில் அனுப்ப ஆள் இல்லை, வெளியீட்டைத் தூக்கிப் போடுகிறேன் என்று பதிவேட்டில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு கிரான் நிஜமாகவே அதைத் தூக்கிப் போட்டுவிடும். ஆறு மாதம் பேக்கப் ஓடாமல் இருந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'ஒரு சின்ன மெயில் மென்பொருள் கூடவே இருந்திருந்தால்' என்று தோன்றுவது இயல்பு.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒரு சின்ன அலுவலகத்தில் பிரின்டர் பிரச்சினையைப் பார்க்கப் போகிற வரைக்கும். மேஜைக்கு அடியில் ஒரு பழைய டெஸ்க்டாப். இரண்டு டிஸ்க், ஒன்றின் நகல் மற்றொன்று. கணக்கு வழக்கெல்லாம் அதில். முழு அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் உள்ளே நுழைந்ததும், மெயில் இருக்கிறது என்றது. திறந்தால் நாற்பதுக்கும் மேல். எல்லாம் எம்டிஅட்மின் எழுதியவை, நாளொன்றுக்கு ஒன்று, ஒரே தலைப்பு. ஒவ்வொன்றின் அடியிலும் டிஸ்க்குகளின் நிலை ஒட்டப்பட்டிருந்தது: சதுர அடைப்புக்குள் யூ என்று ஒரு எழுத்து, அதற்குப் பக்கத்தில் இன்னொரு யூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அடிக்கோடு. ஒரு டிஸ்க் செத்து ஒன்றரை மாதம் ஆகிறது. மிச்சமிருந்த ஒரு டிஸ்க்கில் அந்த அலுவலகத்தின் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர்களிடம் கேட்டேன். 'மெயிலா? எங்களுக்கு மெயில் எல்லாம் போனில்தானே சார் வரும்' என்றார் கணக்காளர்.

அந்த மெஷினில் எல்எஸ்பி கேட்டது அத்தனையும் இருந்தது. கட்டளை இருந்தது, கடிதத்தை வாங்கியது, ஒரு நாள் தவறாமல் பெட்டியில் போட்டது. அந்தப் பெட்டி இருப்பதே அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அவர்களுடைய அதிர்ஷ்டம், இரண்டாவது டிஸ்க் நான் புது டிஸ்க் வாங்கி வந்து மாட்டும் வரை தாங்கியது.

வெளியே அனுப்பினால் தீருமே என்பீர்கள். அங்கேதான் 1983-க்கும் இன்றைக்கும் உள்ள தூரம் தெரியும். அன்று அர்ப்பாநெட்டில் இருந்த எந்த மெஷினும் அதிலுள்ள எந்த மெஷினுக்கும் நேராக மெயில் கொடுக்கலாம். இன்று உங்கள் வீட்டு இணைப்பிலிருந்து மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் 25-ஆம் போர்ட் வழியாக வெளியே போகவே பல பிராட்பேண்ட் நிறுவனங்கள் விடுவதில்லை, ஸ்பேம் தொல்லை அப்படி. விட்டாலும் உங்கள் ஐபி முகவரி ஸ்பேமைத் தடுக்கும் ஸ்பேம்ஹாஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலில் இருக்க வாய்ப்பு அதிகம். நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத வீட்டு முகவரிகள் என்றே ஒரு பட்டியல் அது. அதையும் தாண்டினால், அனுப்புகிறவர் நிஜமானவர்தானா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், தலைகீழ் டிஎன்எஸ் சோதனைகள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், தனக்கு அனுப்புகிற எல்லோரிடமும் இவற்றில் அடிப்படையானதைக் கேட்கிறது. 'அடியேன்-லேப்டாப்' என்ற பெயருள்ள ஒரு மெஷின் இதில் எதற்குப் பதில் சொல்லும்?

ஆகவே மிச்சமிருக்கும் வழி, வேறொரு சர்வரிடம் கொடுத்து அனுப்பச் சொல்வது. அதற்கு ஒரு கணக்கும் பாஸ்வேர்டும் வேண்டும். ஜிமெயில் 2022 மே இறுதியில் தனிநபர் கணக்குகளுக்குச் சாதாரண பாஸ்வேர்டை இந்த மாதிரி நிரல்களிலிருந்து ஏற்பதை நிறுத்திவிட்டது. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, ஒரு நிரலுக்கென்றே தரப்படும் ஆப் பாஸ்வேர்டு ஒன்றைத் தனியாக எடுத்து, அதை ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். இதெல்லாம் ஆள் உட்கார்ந்து செய்கிற வேலை. ஒரு ஸ்டாண்டர்டு ஒரு கட்டளையை டிஸ்க்கில் வைக்கச் சொல்லலாம். உங்கள் பெயரில் கணக்கு திறந்து பாஸ்வேர்டு எடுத்துத் தர அதனால் முடியாது. அந்தப் பாதி வேலை நடக்காதவரை, வைத்த கட்டளை வெறும் உண்டியல்.

வெறும் உண்டியல் இருப்பது எதுவுமே இல்லாததைவிட மோசம் என்பது என் கட்சி. சென்ட்மெயில் கட்டளை 'வெற்றி' என்று திரும்பி வந்தால் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள் இல்லை, வரிசையில் நிற்கிறது என்றுதான் பொருள். போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமான அமைப்பில் ஐந்து நாள் முயன்று பார்க்கும். அப்புறம் முடியவில்லை என்று திருப்பி அனுப்பும். யாருக்கு? அனுப்பியவருக்கு, அதாவது அதே மெஷினில் யாரும் திறக்காத அதே பெட்டிக்கு. பேக்கப் மென்பொருள், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருக்கும். கட்டளையே இல்லையென்றால் நன்றாக எழுதப்பட்ட ஒரு நிரலுக்கு அது தெரியும், திரையில் ஒரு எச்சரிக்கையாவது காட்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்பார்கள். 1988 நவம்பரில் மாரிஸ் புழு என்ற தீய நிரல் இன்டர்நெட்டில் பரவிய வழிகளில் ஒன்று சென்ட்மெயிலில் திறந்து விட்டிருந்த டீபக் (பிழை தேடும்) வசதி என்பது பழைய கதை. இன்று டெபியனின் எக்ஸிம் சொந்த மெஷினைத் தவிர வேறு யாருக்கும் காது கொடுப்பதில்லை, அதனால் அந்தப் பயத்தைச் சிலர் மிகைப்படுத்துகிறார்கள். ஆனால் முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. 2019-இல் எக்ஸிமில் வெளிவந்த ஓட்டை ஒன்றை வழக்கமான அமைப்பில் வெளியிலிருந்து பயன்படுத்த ஒரு இணைப்பை ஏழு நாள் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள், கண்டுபிடித்தவர்கள். அதே மெஷினுக்குள் இருப்பவருக்கோ உடனடியாக ரூட் அதிகாரம். பயன்படுத்தாத ஒரு சேவைக்காக டெஸ்க்டாப்பில் அந்த ஆபத்தை ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரியும். 2013 டிசம்பரில் வந்த ஃபெடோரா 20 என்ற லினக்ஸ், வழக்கமாக வரும் பட்டியலிலிருந்து சென்ட்மெயிலை எடுத்துவிட்டது. பெர்க்லி யூனிக்ஸ் வழி வந்த ஓபன்பிஎஸ்டி, 5.6 பதிப்பில் சென்ட்மெயிலை விட்டுத் தன் சொந்த மெயில் மென்பொருளான எஸ்எம்டிபிடிக்கு வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது ஃப்ரீபிஎஸ்டி 14 எடுத்த முடிவு. சென்ட்மெயில் வளர்ந்த அதே பெர்க்லி குடும்பத்து வாரிசு, 2023-இல் அதை வழக்கமான இடத்திலிருந்து இறக்கிவிட்டு டிஎம்ஏ என்ற சின்ன மென்பொருளை உட்கார வைத்தது. டிஎம்ஏ வெளியிலிருந்து எதையும் வாங்காது, எந்தப் போர்ட்டிலும் காத்திருக்காது. உள்ளே இருப்பவர் கொடுத்தால் பெட்டியில் போடும் அல்லது வெளியே அனுப்பும், அவ்வளவுதான். விண்டோஸுக்கு இந்த மரபே கிடையாது, அதனால் அங்கே யாரும் இப்படி ஒரு சண்டை போட்டதில்லை.

என்னைக் கேட்டால் எஃப்எச்எஸ்காரர்கள் எழுதிய 'இருந்தால்' தான் சரியான இலக்கணம். சென்ட்மெயில் இருந்தால் இந்த இடத்தில் இருக்க வேண்டும், இந்தத் தெரிவுகளை ஏற்க வேண்டும், போக வழியில்லாதபோது வழியில்லை என்று கையோடு சொல்ல வேண்டும். இருந்தே ஆக வேண்டும் என்பது சர்வருக்கான விதியாக இருந்துவிட்டுப் போகட்டும். டெஸ்க்டாப்புக்குக் கட்டாயம் ஒன்று எழுதத்தான் வேண்டுமென்றால், பின்னணி வேலை தோற்றால் அடுத்து யார் திரையைத் திறக்கிறாரோ அவர் கண்ணில் அது பட வேண்டும் என்று எழுதச் சொல்வேன். பயனர் தானே உட்கார்ந்து மெயில் எழுதும் தேவை தனிக் கதை. அதற்கு எக்ஸ்டிஜி-ஈமெயில் என்ற கட்டளை இருக்கிறது, அவர் எந்த மெயில் நிரலை விரும்புகிறாரோ அதைத் திறந்து கொடுக்கும். இரண்டையும் ஒரே விதியில் சேர்க்கத் தேவையில்லை.

முன்பே சொன்ன அபிப்பிராயப் பகுதி இதுதான். திரையின் மூலையில் எட்டிப் பார்த்து மறையும் அறிவிப்பு மெயிலைவிட நன்றாக வேலை செய்யும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். என் வீட்டிலேயே அவற்றைப் பூச்சி அடிப்பதுபோல அடித்து மூடுகிறார்கள். ராத்திரி யாரும் லாகின் செய்யாத நேரத்தில் வருவது எங்கே போகும் என்பதும் டெஸ்க்டாப்புக்கு டெஸ்க்டாப் மாறுகிறது. மூடினாலும் மறுநாள் மறுபடி வந்து நிற்கும் எச்சரிக்கை தேவை என்பது என் கருத்து. அதை எழுதி வைத்த பொது விதி எதையும் என் வேலையில் நான் சந்தித்ததில்லை.

கடைசியாக, ஐந்து தெரிவுகள் காட்டும் உங்கள் திரை. ஐந்தில் 'இன்டர்நெட் சைட்' என்பதைத் தொடாதீர்கள், அது எல்லா நெட்வொர்க் முகங்களிலும் காத்திருக்கும். வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் பெரிய ஆபத்தில்லை, ரயில் நிலைய வைஃபையில் அப்படி இல்லை. 'லோக்கல் ஒன்லி' போட்டால் தொந்தரவு கிடையாது, ஆனால் அந்த மேஜைக்கடி டெஸ்க்டாப்பின் கதைதான் உங்களுக்கும். என் யோசனை, போஸ்ட்ஃபிக்ஸை நீக்கிப் பாருங்கள். நீக்கும் முன் ஏப்ட் காட்டும் பட்டியலைப் படியுங்கள். பேக்கப் மென்பொருளும் அதில் இருந்தால், போஸ்ட்ஃபிக்ஸ் அதற்கு வெறும் பரிந்துரை இல்லை, நிஜமான தேவை. அப்போது அதன் இடத்துக்கு டிஎம்ஏ போட்டு, ஆப் பாஸ்வேர்டு கொடுத்து, உங்கள் ஜிமெயிலுக்கே வரும்படி செய்யுங்கள். எம்எஸ்எம்டிபி என்ற ஒன்றையும் பலர் சொல்வார்கள். நல்ல மென்பொருள்தான், ஆனால் அதற்கு வரிசை கிடையாது. மெயில் கிளம்பும் நொடியில் வைஃபை இல்லையென்றால் கடிதம் அதோடு போயிற்று, லேப்டாப்புக்கு அது சரிப்படாது. டிஎம்ஏ வைத்திருந்து பின்னால் அனுப்பும்.

எதைப் போட்டாலும் ஒரு ராத்திரி பேக்கப் டிஸ்க்கின் கேபிளை வேண்டுமென்றே கழற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அந்தச் செய்தி எங்கே வந்து நிற்கிறது என்று தேடுங்கள். போனில் வந்திருந்தால் கேபிளை மாட்டிவிட்டு இந்த விஷயத்தை மறந்துவிடலாம். எங்கேயும் வரவில்லையென்றால் பேக்கப் மென்பொருளின் பெயரோடு மறுபடி எழுதுங்கள், எங்கே மாட்டிக்கொண்டது என்று பார்ப்போம்.